சுரக்குறிப்புப் பக்கமும் எழுத்து மரபும்: இந்திய இசை இதழ்களின் அச்சமைப்பு

இசை இதழ்கள் வாசகரைக் கவர்வதற்கு அட்டைப்படமும் வித்துவான்களின் நிழற்படங்களும் காரணங்களாகக் கூறப்படுவது வழக்கம். எனினும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்திய மொழிகளில் வெளிவந்த இசை இதழ்களையும் இசைப் பகுதி தாங்கிய வார இதழ்களையும் பொறுத்தவரை, வாசகர் கத்தரித்து எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்துக்கொண்ட பக்கம் வேறு. பாடலின் ஒவ்வோர் அசைக்கும் மேலே அதற்குரிய சுரத்தை நிறுத்திக் காட்டும் சுரக்குறிப்புப் பக்கமே அது. ஆசிரியரிடம் நேரில் கற்க வாய்ப்பில்லாத வீடுகளுக்கு, ஆர்மோனியத்தின் முன்னோ வீணையின் முன்னோ அமர்ந்து தாமே பாடிப் பார்க்கலாம் என்னும் நம்பிக்கையை அப்பக்கம் அளித்தது. அதன் கவர்ச்சி இந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

அப்பக்கத்தை வடிவமைத்தவர் ஓவியர் அல்லர். அதன் மரபுகளை வகுத்தவை அந்தந்த மொழியின் எழுத்துமுறையும், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இருந்த ஈய எழுத்துகளுமே ஆகும். எழுத்துமுறை மாறிய இடங்களில் பக்கத்தின் தோற்றம் மாறியது. தோற்றம் மாறியபோது பாடப்படும் ஒலியும் சில இடங்களில் மாறியது. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரலாற்றில் கவனம் கொள்ள வேண்டிய இடம் இதுவே.

ஐரோப்பிய இதழ்களில் இச்சிக்கல் எழவில்லை. 1798இல் இலைப்சிக் நகரில் தொடங்கப்பட்ட அல்கெமைன மூசிக்காலிஷே சைட்டுங் இசைப் படிகளைத் தனி இணைப்பாக வெளியிட்டது. 1883இல் அமெரிக்காவில் தோன்றிய 'தி எட்யூட்' இதழின் நடுப்பக்கங்கள் பியானோ மாணவருக்கான இசைப் படிகளாகவே அமைந்தன. ஐந்து கோட்டுக் குறிமுறை மொழியின் எழுத்தைச் சாராதது ஆகையால், அதற்கெனத் தனித் தகடுகளோ தனி அச்சுருக்களோ தேவைப்பட்டன. அவற்றைச் செய்து தரும் தொழிலும் அங்கே முன்பே வளர்ந்திருந்தது.

அம்முறையையே தென்னிந்திய இசைக்கும் கொண்டுவர முயன்றவர் அ. மா. சின்னசாமி முதலியார். அவருடைய 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' 1892-93 ஆண்டுகளில் சென்னையிலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. கர்நாடக இசைப் பாடல்களைப் பருவ வெளியீட்டு முறையில் அச்சேற்றிய முன்னோடி முயற்சிகளுள் அது ஒன்று. திட்டமிட்டவாறு அது முற்றுப்பெறவில்லை. சின்னசாமி முதலியாரின் தூண்டுதலுக்கும் பங்குள்ள சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் அச்சானபோது, ஐந்து கோடுகள் கைவிடப்பட்டுத் தெலுங்கு எழுத்துகளே சுரங்களாக நின்றன. பின்னர் வந்த இதழ்கள் யாவும் இவ்வழியையே பின்பற்றின. காரணம் நாட்டுப்பற்று மட்டும் அன்று. எழுத்தால் எழுதப்படும் இசையைப் பாடலை அடுக்கும் அதே பெட்டியிலிருந்து, அதே தொழிலாளி அடுக்கிவிட முடியும் என்பதும் ஒரு பெருங்காரணமாகும்.

ஆனால் ஏழு எழுத்துகள் மட்டும் போதா. ஒரு சுரம் மேல் தாயியைச் சார்ந்ததா, கீழ்த் தாயியைச் சார்ந்ததா, எத்தனை மாத்திரை ஒலிப்பது, அதன் வகை யாது என்னும் செய்திகளையும் காட்டியாக வேண்டும். இவற்றிற்குப் புதிய குறிகளை வார்ப்பதா, எழுத்துமுறையில் முன்பே உள்ள குறிகளுக்குப் புதிய பணி கொடுப்பதா என்பதே இதழாசிரியர்முன் நின்ற வினா.

வங்காளத்தில் இரண்டும் செய்து பார்க்கப்பட்டன. சேத்திரமோகன் கோசுவாமி வகுத்த தண்ட மாத்திரை முறையில் சுரங்களின் தலைமேல் நிற்கும் செங்குத்துக் கோடுகள் மாத்திரையைக் காட்டின. சோதிரிந்திரநாத் தாகூரின் ஆகார மாத்திரை முறையோ கோடுகளை நீக்கிவிட்டு, வங்காள எழுத்தின் ஆகார உயிர்க்குறியையே ஒரு மாத்திரையின் அடையாளமாக்கியது. அரை மாத்திரைக்கு விசர்க்கம் பயன்பட்டது. மேல் தாயிக்கு எழுத்தின் தலையில் ஏறும் ரேபக்குறி. கீழ்த் தாயிக்கு எழுத்தின் அடியில் நிற்கும் அசந்தக்குறி, அதாவது உயிரற்ற மெய்யைக் காட்டும் குறி. கோமள காந்தாரத்திற்கு 'ஜ்ஞ' என்னும் கூட்டெழுத்து. சாதாரண அச்சகத்திலேயே அடுக்கிவிடக்கூடிய முறை இது. 1897இல் சோதிரிந்திரநாத் நடத்திய 'வீணாவாதினி', 1913இல் பிரதிபா தேவியும் இந்திரா தேவியும் தொடங்கிய 'ஆனந்த சங்கீத பத்ரிகா' ஆகிய இதழ்களின் காலத்தில் இம்முறை வேரூன்றியது. இரவீந்திரநாதரின் பாடல்கள் அதிலேயே பரவின. பின்னர் விசுவபாரதி வெளியிட்ட 'ஸ்வரவிதான்' தொகுதிகளும் அதையே மேற்கொண்டன.

வங்காள மொழியில் உயிரின் குறுமையும் நெடுமையும் பொருளை வேறுபடுத்துவதில்லை. ஆகவே ஆகாரக்குறி தன் இயல்பான பணியிலிருந்து எளிதில் விடுபட்டு மாத்திரைக் குறியாக முடிந்தது. ஏழு சுரங்களும் ஸா, ரா, கா, மா, பா, தா, நா என ஒரே உயிரோடு எழுதப்பட்டும் வாசகர் குழம்பவில்லை. இதே உத்தி தமிழிலோ தெலுங்கிலோ செல்லாது.

தேவநாகரியில் பாத்கண்டேயின் முறை நிலைபெற்றது. 1935இல் ஹாத்ரஸ் நகரிலிருந்து பிரபுலால் கர்க் தொடங்கிய 'சங்கீத்' மாத இதழ் இம்முறையை இந்தி வாசகரிடையே பரவச் செய்ததில் பெரும்பங்கு ஆற்றியது. இதில் மேல் தாயிக்கு மேற்புள்ளி, கீழ்த் தாயிக்குக் கீழ்ப்புள்ளி, கோமள சுரங்களுக்கு அடிக்கோடு. மேற்புள்ளி நாகரியில் அனுசுவாரமாகும். எனவே மேல் தாயி ஸட்சத்தை இசை அறியாத ஒருவர் வாசித்தால் மகர ஒலியோடு முடித்துவிடுவார். கீழ்ப்புள்ளியும் அவ்வாறே, உருதுச் சொற்களின் சிறப்பொலிகளைக் காட்டும் குறியாக ஏற்கெனவே வழங்கியது. எனினும் சுரவரியில் அவ்வொலிகளுக்கு இடமே இல்லையாதலால், வரி எது என்று தெரிந்தவருக்குக் குறியின் பொருளும் தெரிந்துவிடுகிறது.

தமிழ்ப் பக்கத்தில் நேர்ந்தது இவற்றினும் சுவையானது. மேல் தாயிக்குரிய மேற்புள்ளியைத் தமிழ் எழுத்தின்மீது இட்டால் அது புள்ளி பெற்ற மெய்யெழுத்தாகிவிடுகிறது. காம்போதியின் ஆரோகணத்தை 'ஸ ரி க ம ப த ஸ்' என அச்சிட்டால், இறுதியில் நிற்பது சகரத்தின் மெய் அன்று. மேல் தாயி ஸட்சம். வங்காளத்தில் உயிர்நீக்கக் குறி கீழ்த் தாயியைக் காட்ட, தமிழில் அதே பணியுடைய குறி மேல் தாயியைக் காட்டியது. குறி எழுத்தின் மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்னும் ஒரே காரணத்தால் விளைந்த முரண் இது.

தமிழ்ப் புள்ளிக்குப் பல பணிகள் இருந்தமை புதிதன்று. தொல்காப்பியம் மெய்யெழுத்திற்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி கூறுகிறது. மகரக்குறுக்கத்திற்கு உட்புள்ளியும் கூறுகிறது. எகர ஒகரங்களின் புள்ளி வீரமாமுனிவர் காலத்திற்குப்பின் வழக்கொழிந்தது. சுரத்தின்மீது புள்ளியிடும் பழக்கமும் பழையதே. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்படும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் சுர எழுத்துகள் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களோடு வருகின்றன. சிலவற்றின் மேல் புள்ளிகளும் உள்ளன. அப்புள்ளிகளின் பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து ஒற்றுமை இல்லை. ஆகவே அவற்றை இன்றைய தாயிப் புள்ளியின் முன்னோடி எனக் கூறுவது பொருந்தாது.

அச்சுக்கோப்பவரின் நிலையிலிருந்து நோக்கினால் ஒரு சிறு செய்தி விளங்கும். ஏழு சுரங்களுள் ஸ, க, ம, ப, த ஆகிய ஐந்தும் அகர உயிரோடு வருபவை. அவற்றின் புள்ளி பெற்ற வடிவங்கள் பெட்டியில் ஆயத்தமாக இருந்தன. ரி, நி ஆகிய இரண்டும் இகரக்குறி பெற்றவை. உயிர்மெய்யின்மேல் புள்ளி தமிழில் இல்லாத வடிவம். ஆகவே அவ்விரண்டிற்கு மட்டும் புள்ளியைத் தனியாக மேலே நிறுத்த வேண்டியிருந்தது. அச்சில் அது சற்றே விலகி நின்றாலும், உதிர்ந்து போனாலும் சுரம் ஒரு தாயி கீழே இறங்கிவிடும்.

மாத்திரையைக் காட்டுவதில் தமிழ் எழுத்து இசைக்கு இயல்பாகவே உதவிற்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்னும் இலக்கண அளவே சுரவரியின் அளவுமாயிற்று: 'க' ஓரலகு, 'கா' ஈரலகு. அதற்கு மேலும் நீண்டால் காற்புள்ளி ஓரலகையும் அரைப்புள்ளி ஈரலகையும் கூட்டும். உரைநடையில் காற்புள்ளி நிறுத்தத்தைக் காட்டுவது. இங்கோ ஒலி நில்லாமல் தொடர்வதைக் காட்டுகிறது. நிறுத்தக்குறி நீட்டக்குறியான இம்மாற்றத்தை எந்த வாசகரும் விந்தையாகக் கருதியதாகத் தெரியவில்லை. பாடல்வரியில் நீட்டம் புள்ளிகளாலோ சிறு கோடுகளாலோ காட்டப்பட்டது. சில பதிப்புகளில் அதே உயிரைத் திரும்ப எழுதினர். நெடிலை அடுத்து அதன் இனக்குறிலை எழுதும் அளபெடை மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இக்கடைசி முறை முன்பே பழகியதுதான்.

பக்கத்தின் அகலமும் தாளத்தைச் சார்ந்தே அமைந்தது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்கும் அட்சரத்திற்கு நான்கு சுரமாக ஓர் ஆவர்த்தனத்தில் 32 அலகுகள் வேண்டும். இதழ்ப் பக்கத்தின் ஒரு வரி இதனைத் தாங்காது. ஆகவே இலகுவின் 16 அலகுகள் ஒரு வரியாகவும், இரண்டு துருதங்களின் 16 அலகுகள் அடுத்த வரியாகவும் பிரிக்கப்பட்டன. இலகு முடியும் இடத்தில் ஒற்றைக் கோடு, ஆவர்த்தனம் முடியும் இடத்தில் இரட்டைக் கோடு. இப்பிரிவு தற்செயலாகச் சமமாக நேர்ந்தது எனினும், ஆதி தாளக் கீர்த்தனையின் அச்சுப் பக்கத்திற்கு ஒரு செய்யுளின் தோற்றத்தை அதுவே தந்தது. கையால் தாளமிடும் வாசகரின் கண் எவ்விடத்தில் வரி மாற வேண்டுமோ அவ்விடத்தில் மாறியது. மிசிர சாபு போன்ற தாளங்களில் அமைந்த பாடல்களுக்கு இவ்வொழுங்கு கிட்டாது.

சுதேசமித்திரன், ஆனந்த விகடன், கல்கி முதலிய இதழ்கள் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் வெளியிட்டபோது பாடலின் தலைப்பகுதியும் ஒரு நிலையான வடிவம் பெற்றது. பாடலின் பெயர், இராகம், தாளம், இயற்றியவர், 'ஸ்வரப்படுத்தியவர்', ஆரோகண அவரோகணம் என்பன அதில் இடம்பெற்றன. 'ஸ்வரப்படுத்துதல்' என்னும் வினையைப் பலரும் அறியச் செய்தவை இவ்விதழ்களே எனலாம். இத்தலைப்பகுதி வெறும் அணி அன்று. வங்காள முறையும் பாத்கண்டே முறையும் ஒவ்வொரு சுரத்தின் வகையையும் அந்தந்த இடத்திலேயே குறிக்கின்றன. கர்நாடக முறையோ அதனை இராகப் பெயரிடம் ஒப்படைத்துவிடுகிறது. 'ஸ ரி க ம' என்னும் வரி தோடியாகவும் இருக்கலாம், கல்யாணியாகவும் இருக்கலாம். கத்தரித்து ஒட்டும்போது தலைப்பகுதி நறுக்குண்டு போன பக்கத்தில் எஞ்சுவது ஊமையான ஒரு வரிசை மட்டுமே.

'ஸ' என்னும் கிரந்த எழுத்திற்குப் பதிலாகச் 'ச' என அச்சிடும் வழக்கமும் இணையாக வளர்ந்தது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய மாநாட்டையும் 1943இல் தோன்றிய தமிழ் இசைச் சங்கத்தையும் ஒட்டி எழுந்த தமிழிசை இயக்கத்தின் சூழலில் ஓர் எழுத்தின் தேர்வே பதிப்பாளரின் நிலைப்பாட்டை அறிவிப்பதாயிற்று. இதனைக் காட்டிலும் ஆழமான சிக்கல் பாடல்வரியில் இருந்தது.

தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் தருவதற்கு க, ச, ட, த, ப வரிசைகளில் எண்ணடையாளம் இடும் முறை ஏற்பட்டது. 'ப₂லம்' என்றால் கனி அல்லது பயன். 'ப₃லம்' என்றால் வலிமை. 'பா₃லம்' குழந்தை, 'பா₄லம்' நெற்றி. எண்களை நீக்கினால் கடைசி இரண்டும் தமிழ் வாசகரின் கண்ணில் ஆற்றைக் கடக்கும் பாலமாகிவிடுகின்றன. அடையாள எண்கள் துதிநூல்களிலும் கீர்த்தனைத் தொகுதிகளிலும் நிலைத்தன; பொதுவாசகருக்கான இதழ்களில் அவை அருகியே வந்தன. சுரம், தாளக்கோடு, காற்புள்ளி ஆகியவற்றோடு எண்களும் சேர்ந்தால் பக்கம் கணக்கேடு போலாகி வாசகரை விரட்டிவிடும் என்று ஆசிரியர்கள் கருதியிருத்தல் கூடும். அக்கருத்தைக் குறை கூறவும் இயலாது. ஆயினும் எளிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது பொருள். பாடலைப் பக்கத்திலிருந்து மட்டுமே கற்றவர் தாம் பாடிய சொல் கனியா, வலிமையா என அறியமாட்டார்.

எண்ணால் தீராத இடர் ஒன்று உண்டு. அது மெய்ம்மயக்கம் நிற்கும் இடம். 'பக்தி' என்னும் சொல்லைத் தெலுங்கு எழுத்து 'ப' என ஓரெழுத்தாகவும் 'க்தி' எனக் கூட்டெழுத்தாகவும் பிரிக்கும். எனவே தெலுங்குப் பக்கத்தில் ககர மெய் இரண்டாம் சுரத்தின் கீழ் வந்து நிற்கும். தமிழ் எழுத்திலும் யாப்பிலும் ஒற்று முன்னெழுத்தோடு சேர்வது. 'பக்' ஓரசை, 'தி' மற்றோரசை. ஆகவே தமிழ்ப் பக்கத்தில் அது முதற் சுரத்தின் கீழேயே அமைந்துவிடும். முதற் சுரம் நான்கு அலகு நீளுமானால், தெலுங்குப் பக்கத்தைக் காண்பவர் அகரத்தை நீட்டிக் கடைசியில் மெய்யைத் தொடுவார். தமிழ்ப் பக்கத்தைக் காண்பவரோ 'பக்' என வாயை மூடிவிட்டுப் பின் நீட்ட வழியின்றித் தவிப்பார். ன, ம, ல போன்ற மெய்களில் ஒலியை நிறுத்தி நீட்ட இயலும். வல்லின மெய்யில் இயலாது. இதனை உணர்ந்த பதிப்பாசிரியர்கள் 'ப . . க் தி' என ஒற்றைப் பிரித்து நகர்த்தினர். கண்ணுக்கு அது சொற்சிதைவாகத் தோன்றினாலும் செவிக்கு அதுவே நேர்மையானது.

பாடலை மொழிபெயர்ப்பவருக்கு இதே பக்கம் வேறொரு தேர்வை வைக்கிறது. சுரவரி மாறாது நிற்க, பாடல்வரி மட்டும் வேறு மொழிக்கு மாற வேண்டும். தமிழில் குறில் ஒன்று நீண்ட சுரத்தின் கீழ் அமைந்தால் 'விடு' வீடாகும், 'படம்' பாடமாகும். அச்சில் 'வி . டு' எனப் புள்ளி இட்டுக் காட்டுவதால் கண் ஏமாறாது. கேட்பவரின் செவி ஏமாறும். உயிரளவு பொருளை வேறுபடுத்தாத வங்காளத்திலிருந்து தமிழுக்குப் பாடலைக் கொண்டுவருபவர் மூலத்தில் இல்லாத இத்தடையை ஒவ்வொரு வரியிலும் எதிர்கொள்கிறார். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் பாட இயலாத மொழிபெயர்ப்புகள் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இதழ்ப் பக்கம் கைவிட்டவற்றுள் பெரியது கமகக்குறி. சுப்பராம தீட்சிதர் சுரங்களின்மேல் பலவகைக் கமகக்குறிகளை இட்டு அச்சேற்றினார். அக்குறிகளுக்கு ஈயம் வார்க்க வேண்டும். எட்டயபுரத்தில் அதற்குச் சமத்தானத்தின் ஆதரவு இருந்தது. வாரந்தோறும் வெளிவரும் இதழுக்கு அது கட்டுப்படியாகாது. விளைவாக, தோடியின் காந்தாரம் எப்போதும் அசைந்தே ஒலிப்பது எனினும் பக்கத்தில் அது அசைவற்ற ஒரு 'க' மட்டுமே. 1961 முதல் சென்னை மியூசிக் அகாதெமி அந்நூலைத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது. எனினும் அதற்குள் வாசகரின் கண் குறிகளற்ற பக்கத்திற்குப் பழகிவிட்டிருந்தது.

ஈய எழுத்துகள் மறைந்து கணினி வந்தபின் இம்மரபுகள் மீண்டும் எழுத்துமுறையோடு மோதுகின்றன. யூனிகோடு முறையில் 'ஸ்' என்பது புள்ளி பெற்ற மெய்யாகவே பதிவாகிறது. அதனை மேல் தாயி ஸட்சம் என்று பொறி அறியாது. 'ரி'யின் மேல் புள்ளியிட முயன்றால் எழுத்து பொருந்தாமல் வெற்றுப் புள்ளிவட்டம் ஒன்று தோன்றிவிடுகிறது. அன்று அச்சுக்கோப்பவர் இடர்ப்பட்ட அதே இரண்டு சுரங்களில்தான் இன்றைய தட்டச்சரும் இடர்ப்படுகிறார். மேற்கோள் குறி ஒன்றை அருகில் இட்டு அமைகிறார். எண்ணடையாளத்தை மெய்க்கும் உயிர்க்குறிக்கும் இடையில் இட்டால் உயிர்மெய் உடைகிறது. உயிர்க்குறிக்குப் பின்னரே இட வேண்டியுள்ளது. பழைய இதழ்களின் பக்கங்களைப் பொறியால் படித்து மீட்கும்போது சுரவரியும் பாடல்வரியும் ஒரே வரியாகக் கலந்து, காற்புள்ளிகள் நிறுத்தக்குறிகளாகவும் மேற்புள்ளிகள் மெய்களாகவும் மாறிவிடுகின்றன. ஆகவே இத்தகைய பக்கங்களை மின்பதிவு செய்வோர் எழுத்துப்பெயர்ப்போடு நின்றுவிடாமல் பக்கத்தின் படிமத்தையும் உடன் வைப்பதும், இராகம் தாளம் குறித்த தலைப்பகுதியை ஒவ்வொரு பக்கத்தோடும் இணைத்துப் பதிவதும் இன்றியமையாதன.